செல்லப்பாண்டி வண்டியின் கேம் ஷாஃப்ட்

லாரி மெக்கானிக்குகள் சங்கம் மலர் போடுகிறது, கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். எதைப் பற்றி எழுத என்று கேட்டேன். "ஒங்க அனுபவந்தேண்ணே. அப்ப எம்புட்டுக் கஷ்டப்பட்டீக, இப்பத் தொழிலு எப்பிடி மாறிப்போச்சு, அதைப் பூராம் எழுதுங்க. படிக்கிறவனுக்குக் கண்ணு கலங்கணும்" என்றார். நான் கண்ணைக் கலக்குகிற ஆள் இல்லை. ஓய்வு பெற்றதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. முதுகு நிமிர்ந்திருக்கிறது, நகக்கண் வெளுத்திருக்கிறது, போன் அடித்தால் பேத்தியாகத்தான் இருக்கும்.

தொழில் மாறிப்போனதும் நல்லதற்குத்தான். இப்போது வருகிற என்ஜின்கள் பலவற்றில் டேப்பட்டின் அடியில் ஒரு உருளை வைத்துவிட்டார்கள். அது கேம் ஷாஃப்டின் மேல் உரசாமல் உருண்டு ஓடுகிறது. அதை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தபோது, இது முன்னாலேயே நம் ஊர் வண்டிகளுக்கு வந்திருந்தால் செல்லப்பாண்டி அந்தப் பாடு பட்டிருக்க மாட்டானே என்றுதான் நினைத்தேன். எழுதுவதென்றால் அவன் கதையைத்தான் எழுத வேண்டும்.

தொழில் தெரியாதவர்களும் மலரைப் புரட்டுவார்கள் என்பதால் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். என்ஜின் மூச்சு விட வேண்டுமென்றால் வால்வுகள் திறந்து மூட வேண்டும். அந்த வேலையைச் செய்வது கேம் ஷாஃப்ட் என்கிற நீளத் தண்டு. அதில் வரிசையாக முட்டை வடிவ மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டின் மேலும் சின்ன டம்ளர் போல ஒரு இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் டேப்பட். தண்டு சுற்றும்போது மேடு டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் ஒரு கம்பியைத் தூக்கும், கம்பி வால்வைத் திறக்கும். இரும்போடு இரும்பு உரசுகிற இடம் என்பதால் நடுவில் எப்போதும் ஆயில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவில்தான் ஒரு மனிதன் தெருவுக்கு வரப் பார்த்தான்.

என் பெயர் முருகேசன். டேப்பட் முருகேசன் என்றால்தான் பலருக்குத் தெரியும். ஐ.டி.ஐ. முடித்து, பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற இடத்தில் கொஞ்ச காலம் சுத்தியல் பிடித்து, கால் நகம் இரண்டைப் பறிகொடுத்து, பிறகு திருநகர் தாண்டி திருமங்கலம் ரோட்டில் இருந்த லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான். கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எல்லாரும் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் போர்மேன் தவசி அண்ணன். லாரிப் பட்டறையில் வெள்ளை வேட்டி கட்டி வேலை பார்த்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். நாங்கள் கழுத்து வரைக்கும் கறுத்துப்போய் நிற்போம், அவர் வேட்டியில் ஒரு சொட்டு இருக்காது. வண்டி உள்ளே நுழையும்போதே வலது கையைத் தூக்குவார். பட்டறையில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். மூன்றாவது சிலிண்டர் என்று சொன்னால் மூன்றாவது சிலிண்டர்தான். கத்தவே மாட்டார். டேய் என்றோ ஏப்பா என்றோ கூப்பிடுகிறவரை நமக்கு ஆபத்தில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "வாங்க சார், இந்த நட்டை முறுக்குனது சார்தேனா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் ஆரம்பித்து வைத்து, பட்டறைக்கே வழக்கமாகிப் போனது. என்ஜினை இறக்கிப் பிரித்து மறுபடி கட்டினால், முதல் ஸ்டார்ட் பூஜையோடுதான் நடக்கும். எல்லாப் பட்டறையிலும் பூஜை உண்டு, ஆனால் தவசி அண்ணன் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் சூடம் கொளுத்துவார். "உசிரு வந்த பொறகுதேன் தீபாராதனை. உசிரு இல்லாததுக்குக் காட்டுனா அதுக்குப் பேரு வேற" என்பார். என்ஜின் ஸ்லோவில் முனகிக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தை என்று கணக்கு, ஆக்சிலேட்டரை யாரும் தொடக் கூடாது. அவர் நிதானமாகச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தியோடு வண்டியைச் சுற்றி வந்து, பூசணிக்காய் உடைத்து, எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்து முடிக்கிற வரைக்கும் அது ஸ்லோவிலேயே ஓடும். பிறகுதான் டிரைவர் ஏறி எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றுவார். வருஷக்கணக்கில் இப்படித்தான் செய்தோம். ஒரு என்ஜினும் கெட்டதில்லை.

செல்லப்பாண்டி சமயநல்லூர்க்காரன். அவன் அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். இவன் கிளீனராகி, டிரைவராகி, பல முதலாளிகளிடம் வண்டி ஓட்டி, கடைசியில் ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கினான். ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயர் ஏறிய அன்றைக்கு அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து எங்கள் எல்லாரிடமும் காட்டினான். தவசி அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிப் பார்த்தார். முன் கண்ணாடிக்கு மேலே அவன் மனைவி பெயர், முத்துலட்சுமி, பெரிதாக எழுதியிருந்தது.

அவனுக்கு மாட்டுத்தாவணியிலிருந்து காய்கறி ஏற்றிக் குமுளி மலை ஏறிக் கேரளாவுக்குப் போகிற லோடு. சமதரையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மலையில் மூச்சு வாங்கியது. பின்னால் வந்த புது வண்டிகளெல்லாம் தாண்டிப் போய் முன்னால் இறக்கிவிட, இவன் போய்ச் சேரும்போது தக்காளி வாடிப்போயிருக்கும். வியாபாரிகள் மெல்ல மெல்ல வேறு வண்டியைத் தேட ஆரம்பித்தார்கள். புது லாரி வாங்க அவனுக்கு வழியில்லை. அப்போதுதான் நாமக்கல் பக்கம் ஒரு லேத்தில் கேம் ஷாஃப்டின் மேடுகளை இன்னும் கொஞ்சம் உயரமாக அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரிய வந்தது. மேடு உயர்ந்தால் வால்வு கூடுதலாகத் திறக்கும், காற்று கூடுதலாக உள்ளே போகும், மலையில் இழுவை கிடைக்கும். கூடவே வால்வு ஸ்பிரிங்கும் கெட்டியானதாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் வால்வு சரியாக மூடாது.

இதே வேலையைத் தன் வண்டிக்கும் செய்துகொள்ள, எங்கள் பட்டறைக்கே வருகிற காஜா பாய் ஆசைப்பட்டார். பாய்க்கும் அதே மாடல் லாரி, அதே குமுளி ரோடு. இருவரும் சேர்ந்து ஆள் அனுப்பி, ஒரே லேத்தில் ஒரே நாளில் இரண்டு கேம் ஷாஃப்ட், புது டேப்பட், புது ஸ்பிரிங் எல்லாம் வரவழைத்தார்கள். இரண்டு என்ஜினையும் நானே கட்டினேன்.

செல்லப்பாண்டி வண்டிக்கு முறைப்படி பூஜை நடந்தது. முதல் லோடு போய்விட்டு வந்தவன் முகம் மலர்ந்து கிடந்தது. "அண்ணே, மலையில மூணாவது கியர்ல ஏறுதுண்ணே! ஆத்தாடி, அம்புட்டு இழுவை!" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அடுத்த லோடுக்குப் பிறகு வந்தபோது வாய் பேசவில்லை. வண்டிதான் பேசியது. டக், டக், டக் என்று தையல் மெஷின் போல ஒரு சத்தம். தவசி அண்ணன் கையைத் தூக்கினார், கேட்டார், தலையை ஆட்டினார்.

பிரித்துப் பார்த்தோம். டேப்பட் இரண்டின் அடிப்பாகம் குழிந்து போயிருந்தது. கேம் ஷாஃப்டில் அதற்கு நேரான மேடுகள் இரண்டும் பாதி கரைந்திருந்தன. ஆயிலைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தால் பொடி மினுமினுவென்று மின்னியது. அத்தனையும் இரும்பு.

மட்டமான சரக்கு என்று லேத்காரரைத் திட்டினோம். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது, புதுசாக ஒன்று அரைத்து அனுப்பிவைத்தார். ஆயில்தான் காரணம் என்று ராசு சொன்னான். ராசு எங்கள் எலக்ட்ரீஷியன், வயரைத் தவிர எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உள்ளவன். ஆயிலையும் மாற்றினோம். சாமி குத்தம் என்று முத்துலட்சுமி சொல்லியிருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் அழகர்கோவிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சந்தனம் சாத்தி, திருநீறும் மாலையும் வாங்கி வந்தார்கள். இந்த முறை தவசி அண்ணன் பூஜையை அவர் சக்திக்கு மேலே செய்தார். சந்தனத்தை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பூசினார். பூசணிக்காய் நான்கு மூலைக்கும் உடைந்தது. வண்டிக்குள் முத்துலட்சுமியை உட்காரவைத்துக் கும்பிடச் சொன்னார். அவ்வளவு நேரமும் என்ஜின் ஸ்லோவில் முனகிக்கொண்டே இருந்தது.

அந்தக் கேம் ஷாஃப்ட் முதல் லோடைக்கூடத் தாண்டவில்லை. ஆண்டிப்பட்டிக் கணவாய் வரைக்கும் போய்விட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டது. லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, செல்லப்பாண்டி மெதுவாக உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். வண்டியை நிறுத்தியவன் இறங்கவே இல்லை. ஸ்டீரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் படியில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

"புரோக்கர் ஒருத்தரு வாரேண்டு சொல்லியிருக்காருண்ணே. வண்டியைக் குடுத்துரலாம்ண்டு லட்சுமி சொல்றா. இன்னொரு தடவை கட்டிப் பாக்குறதுக்குத்தேன் தெம்பு இருக்கு. அதுவும் போச்சுண்டா குடுத்துட்டு மறுபடியும் டிரைவர் வேலைக்குப் போயிற வேண்டியதுதேன்." ஸ்டீரிங்கை உள்ளங்கையால் தடவினான். "எங்கப்பா அடுத்தவன் வயல்லயே செத்தாருண்ணே. நான் அடுத்தவன் ஸ்டீரிங்லதேன் சாகணும் போல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல் இல்லை. இரும்பு மேல். இரண்டு கையாலும் பார்த்துப் பார்த்துக் கட்டின என்ஜின் இப்படி என் முகத்தில் அடித்தால் எனக்குக் கோபம்தான் வரும், துக்கம் பிறகுதான் வரும்.

அந்த வாரமே காஜா பாய் பிரேக் பார்க்க வண்டியைக் கொண்டுவந்தார். உள்ளே நுழையும்போதே அவர் என்ஜின் சத்தத்தைக் கேட்டு நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். பட்டு மாதிரி ஓடியது. அதே கேம் ஷாஃப்ட். அதே லேத்.

"பாய், ஒரு மூடியைக் கழட்டிப் பாத்துக்கிறட்டா?" என்றேன்.

"எதுக்கு மாப்ள? நல்லா ஓடுற வண்டியில கை வைக்காத. லோடு நிக்கிது, ஜல்தி பிரேக்கைப் பாரு" என்றார். கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கம்பியை உருவி, ஒரு டேப்பட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். அடிப்பாகம் கண்ணாடி. டேப்பட் உட்கார்ந்திருந்த குழி வழியே விரலை விட்டு மேட்டைத் தடவினேன். ஒரு கீறல் இல்லை.

ராசு பின்னால் வந்து நின்றான். "பாத்தியா? பாய் வண்டிக்கு நம்ம பூஜையே போடல. நல்லா ஓடுது. செல்லப்பாண்டிக்கு ரெண்டு பூஜை. ரெண்டும் போச்சு. சாமிக்கு அவன் மேல என்ன கோவமோ?" என்றான்.

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குப் பொறி தட்டியது. பாய் வண்டியை எடுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கும் அவருக்கு லோடு காத்திருந்தது. தவசி அண்ணன் சூடத்தட்டோடு நின்றபோது, "நீங்க ஒங்க மனசுல வேண்டிக்கங்கண்ணே" என்று சிரித்துவிட்டு ஏறினார். பிஸ்மில்லா என்றார், ஸ்டார்ட் செய்தார், கியர் போட்டார், மாட்டுத்தாவணியைப் பார்க்க மிதித்துக்கொண்டு போய்விட்டார். புது என்ஜினை இப்படியா மிதிப்பது என்று நான்தான் அன்றைக்கு வயிறெரிந்தேன்.

ஆயில் டேப்பட்டுக்கு எப்படி வருகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த மாடலில் டேப்பட் உட்காருகிற இடத்துக்குத் தனியாகக் குழாய் கிடையாது. கீழே சுற்றுகிற கிராங்க் தண்டு வாரி இறைக்கிற ஆயில்தான் மேலே போய்ச் சேர வேண்டும். வேகமாகச் சுற்றினால் நன்றாக இறைக்கும். ஸ்லோவில் சுற்றினால் ஏதோ கொஞ்சம். பழைய கேம் ஷாஃப்டுக்கு அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. ஸ்பிரிங்கும் இளக்கம், மேடும் தாழ்வு, அதனால் அழுத்தம் குறைவு. இப்போது நாம் உயர மேட்டையும் கெட்டி ஸ்பிரிங்கையும் போட்டிருக்கிறோம். டேப்பட்டும் மேடும் இன்னும் ஒன்றோடு ஒன்று பழகவில்லை. அந்த முதல் கொஞ்ச நேரத்தில்தான் அதற்கு ஆயில் அதிகமாகத் தேவை. அந்த நேரத்தில்தான் நாம் ஸ்லோவில் விட்டுவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறோம். பூஜை எவ்வளவு நீளமோ அவ்வளவு தேய்மானம். இரண்டாவது கேம் ஷாஃப்ட் ஏன் இன்னும் சீக்கிரம் போனது என்பதும் அப்போது விளங்கிவிட்டது.

விளங்கிவிட்டது, சரி. தவசி அண்ணனிடம் யார் சொல்வது?

மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடுகிற நேரம் பார்த்துப் போனேன். சொல்லி முடிக்கிறவரை வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப பூஜை போட்டதுனாலதேன் வண்டி கெட்டுச்சுண்டு சார் சொல்றீங்க."

சார் வந்துவிட்டது. "பூஜையினால இல்லண்ணே. ஸ்லோவுல விட்டதுனால."

"நாப்பது வருசமாப் போடுறேன் சார். இது வரைக்கும் ஒரு வண்டி கெட்டிருக்கா?"

"அப்ப இந்த ஸ்பிரிங் இல்லண்ணே."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "காட்டு" என்றார்.

எங்களிடம் பட்டறைக்கென்று ஒரு பழைய சர்வீஸ் வண்டி இருந்தது. அதுவும் அதே என்ஜின்தான். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். தவசி அண்ணன் கிட்டே வந்து குனிந்து, டேப்பட்டுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். ஸ்லோவில் அங்கே லேசாக ஒரு ஈரம், எப்போதாவது ஒரு சொட்டு. "ஆயில் வருதேப்பா" என்றார். "இதைத்தேன் இல்லண்டு சொன்னியா?"

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"நான் பாக்காத என்ஜினாடா? நீ ஏத்து."

ஆக்சிலேட்டரை ஏற்றினேன். திறந்திருந்த பக்கமெல்லாம் ஆயில் மழையாகக் கொட்டியது. அண்ணன் கழுத்து, சட்டை, வேட்டி, ஒரு இடம் பாக்கியில்லை. நான் ஆஃப் செய்துவிட்டு வண்டிக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். தவசி அண்ணன் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். அதில் வழிகிற ஆயிலை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"இம்புட்டு ஆயிலாடா வருது?" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னதில்தான் எனக்கு உயிர் வந்தது. "டேய் முருகேசா. செல்லப்பாண்டிக்குப் போனைப் போடு."

வழக்கத்தை எப்படி மாற்றுவது என்று நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தவர் தானாகவே சொன்னார். "பூஜையை ஸ்டார்ட்டுக்கு முந்தி வச்சுக்கிருவோம். பொறந்த பொறகுதேன் சடங்கு செய்யணும்ண்டு ஒண்ணும் இல்ல. வயித்துல இருக்குறப்பயே வளைகாப்பு போடுறோம்ல? அந்தக் கணக்குதேன்." அதிலிருந்து எங்கள் பட்டறையில் அந்தப் பூஜைக்கு வளைகாப்பு என்றே பெயர் ஆகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது தடவை கட்டியதை இங்கே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

புதுக் கேம் ஷாஃப்டுக்குப் புது டேப்பட்தான் போட வேண்டும். பழையது பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று போட்டால் மேடு போய்விடும். நல்ல டேப்பட்டின் அடிப்பாகம் தட்டையாகத் தெரியும், ஆனால் தட்டை கிடையாது, நடுவில் துளி மேடாக இருக்கும். இரண்டு டேப்பட்டை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தூரப் போடுங்கள். அந்தத் துளி மேடு இருந்தால்தான் டேப்பட் ஏறி இறங்கும்போது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சுற்றினால்தான் ஒரே இடத்தில் தேயாது. அதனால் குழிக்குள் விட்டு விரலால் சுழற்றிப் பார்த்து, எங்காவது பிடித்தால் குழியைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி விட வேண்டும்.

ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு டேப்பட்டின் அடியிலும், கேம் ஷாஃப்டுக்கென்றே விற்கிற கறுப்புப் பசையை விரலால் அப்பினேன். சாதாரண ஆயில் என்றால் வழிந்துவிடும், பசை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆயில் ஃபில்டரைக் காலியாக மாட்டாமல் ஆயில் ஊற்றி நிரப்பி மாட்டினேன். ஒவ்வொரு கம்பியின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டேன். கம்பி டேப்பட்டோடு சேர்ந்து சுற்றும், கோடு நகர்ந்தால் கீழே டேப்பட் சுற்றுகிறது என்று அர்த்தம். கையால் என்ஜினைச் சுற்றவைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு கோடும் நகர்ந்தன. தவசி அண்ணன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வளைகாப்பு. சந்தனம், குங்குமம், சூடம், எல்லாம் நிம்மதியாக நடந்தது. என்ஜின் அசையவில்லை. செல்லப்பாண்டி கண்ணை மூடிக் கும்பிட்டான். பூசணிக்காய் உடைந்ததும் நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, டீசல் போகாமல், செல்ஃப் மோட்டாரை மட்டும் விட்டு விட்டு அடித்தேன். ஆயில் பிரஷர் முள் எழுந்து நின்றது. பிறகு ஸ்டாப்பரை விட்டு ஸ்டார்ட் செய்தேன். செய்த கையோடு வேகத்தை ஏற்றிவிட்டேன்.

புது என்ஜின் அலறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகாத காதுகள் எங்களுக்கு. செல்லப்பாண்டி படியில் தாவி ஏறி, "அண்ணே, விடுங்கண்ணே! எறக்குங்கண்ணே! கருகிரும்ண்ணே!" என்று என் காலைப் பிடித்து இழுத்தான். கால் தானாக மேலே வரப் பார்த்தது. கீழேயிருந்து தவசி அண்ணன் அவன் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். "கத்தட்டும் விடுடா. கத்துனாத்தேன் பிள்ளைக்கு நல்லது" என்றார். நாலைந்து சினிமாப் பாட்டு ஓடுகிற நேரம் வேகத்தை ஏற்றியும் கொஞ்சம் இறக்கியும், ஆனால் ஸ்லோவுக்கு வரவே விடாமல் ஓட்டினேன். நிறுத்தியபோது என் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. உடனே ஆயிலை இறக்கி ஊற்றிப் பார்த்தோம். கறுப்புப் பசை கலந்து வந்தது. மினுமினுப்பு இல்லை. புது ஆயில் ஊற்றி, லோடு ஏற்றி, குமுளிக்கு அனுப்பிவைத்தோம்.

திரும்பி வந்ததும் பிரித்துப் பார்ப்பது என்று பேச்சு. அதுவரைக்கும் யாரும் எதையும் நம்பத் தயாராக இல்லை, நான் உட்பட. அவன் வருகிற அன்றைக்கு நான் எத்தனை தடவை ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன் என்று ராசு இப்போதும் சொல்லிச் சிரிப்பான். சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரம் முத்துலட்சுமி என்று எழுதிய வண்டி திருநகர்ப் பக்கமிருந்து வந்தது. சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவையும் முதல் லோடில் சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது. அதனால் யாரும் சிரிக்கவில்லை.

செல்லப்பாண்டி இறங்கி வந்து, "புரோக்கரு இப்ப வீட்டுலதேன் ஒக்காந்திருக்காரு. லட்சுமி போன் பண்ணுனா. என்ன சொல்லண்டு கேக்குறா" என்றான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டான். நான் மூடியைக் கழற்றினேன். கம்பியை உருவினேன். முதல் டேப்பட்டை எடுத்துத் தவசி அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டையும் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் குழி வழியே விரலை உள்ளே விட்டு, ஒவ்வொரு மேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"மாவு மாதிரி வழவழண்டு இருக்குடா" என்றார்.

செல்லப்பாண்டி திரும்பவில்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவனால் எடுக்க முடியவில்லை. தவசி அண்ணன் ஆயில் கையோடு அவன் பையில் கையை விட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"தாயி, நான் தவசி பேசுறேன். வந்த மனுசனுக்கு ஒரு காபியைப் போட்டுக் குடுத்து, போயிட்டு வாங்கண்டு சொல்லி அனுப்பிரு. வண்டி வீட்டுக்கு வருது."